ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: பழவேற்காட்டுப் பிள்ளைகள் முதல் மாதத்தைச் சமாளிப்பது எப்படி? முழு விவரம்

அதிகாலை 3 மணி. பழவேற்காட்டில் அப்பா வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்புகிறார். அந்த நேரம் ஜெர்மனியில் முந்தைய நாள் இரவு 11.30. விடுதி அறையில் தூக்கம் வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, "நல்லா இருக்கேன்ப்பா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறது.

அந்த 'நல்லா இருக்கேன்' உண்மையாகவே இருக்கணும்னா என்ன செய்யணும்? இங்கிலீஷ் நல்லா பேசணும், தைரியம் வேணும்னுதான் பலரும் சொல்வாங்க. அதெல்லாம் போன பிறகும் வளரும். ஆனால் மூன்று விஷயங்களை கிளம்பும் முன்பே முடிச்சாகணும். கிரெடிட்டுக்கான காகிதம், முதல் மாதத்துக்கான காசு, வீட்டோடு பேசுவதற்கான ஏற்பாடு. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் ஒரு செமஸ்டர் முழுக்கத் தலைவலிதான்.

செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் என்றால் என்ன?

இங்கே ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே, ஒரு செமஸ்டரை மட்டும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்புவது. பட்டம் உங்க கல்லூரிதான் தரும். இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் இருந்தால், வழக்கமாக வெளிநாட்டில் கல்விக் கட்டணம் கிடையாது. இங்கே கட்டும் கட்டணத்தையே கட்டினால் போதும். விமானம், விசா, தங்குமிடம், சாப்பாடு, காப்பீடு ஆகியவை நம்ம செலவு.

இதை நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க. எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் எடுப்பது கல்லூரியின் சர்வதேசத் தொடர்பு அலுவலகம். "சீட் வாங்கித் தரேன், முன்பணம் கட்டுங்க" என்று வெளியாள் யாராவது குப்பத்துக்கு வந்து பேசினால், பணம் கொடுக்கும் முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

இன்னொரு வழி ட்வின்னிங். யுஜிசி 2022 மே மாதம் கொண்டுவந்த விதிமுறைப்படி, இதில் வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பட்டம் இந்தியக் கல்வி நிறுவனம்தான் தரும்.

பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு எங்கே வாய்ப்பு?

பழவேற்காட்டில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் பொன்னேரி. அங்கே இருக்கிறது டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவது. மீன்வள அறிவியல் பட்டப்படிப்பு 4 ஆண்டு, 8 செமஸ்டர். மீனவர் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு.

வேளாண், மீன்வளப் பல்கலைக்கழக மாணவர்களை உலக வங்கி உதவியோடு நடந்த தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டம் வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு அனுப்பியது. பொறியியல் படிப்பவர்களுக்கு 'நான் முதல்வன்' திட்டத்தின் ஸ்கவுட் பிரிவு இருக்கிறது. 2024 ஜூனில் 25 மாணவர்கள் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குப் போய் வந்தார்கள். இவை குறுகிய காலப் பயிற்சிகள். ஆனால் முழு செமஸ்டருக்கு விண்ணப்பிக்கும்போது இந்த அனுபவம் கைகொடுக்கும்.

முழு செமஸ்டருக்கு உதவித்தொகை தேடுபவர்கள் பார்க்க வேண்டியவை:

- எராஸ்மஸ் பிளஸ்: ஐரோப்பிய ஒன்றியத்தின் திட்டம். வெளியில் இருந்து வரும் மாணவர்களுக்கு, போகும் நாட்டைப் பொறுத்து மாதம் 800 முதல் 900 யூரோ. விமானச் செலவுக்குத் தனி. உங்க கல்லூரிக்கும் அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் திட்டத்தின் கீழ் ஒப்பந்தம் இருக்கணும்.
- ஜாஸ்ஸோ: ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் மாணவர்களுக்கு மாதம் 80,000 யென். ஜப்பானில் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் வழியாகத்தான் கிடைக்கும்.

பணம் எப்போ தேவைப்படும்? சிக்கலே இங்கேதான்

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். உதவித்தொகை இல்லாமல் போகும் மாணவர், தன் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்டணும். 2024 செப்டம்பரில் இருந்து அந்தத் தொகை மாதத்துக்கு 992 யூரோ. 6 மாதத்துக்கு 5,952 யூரோ. ஒரு யூரோ 100 ரூபாய்னு கணக்கு போட்டாலே கிட்டத்தட்ட 6 லட்சம் ரூபாய்.

இதை 'பிளாக்டு அக்கவுன்ட்' என்ற முடக்கப்பட்ட கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அங்கே போன பிறகு மாதா மாதம் 992 யூரோவாக உங்களுக்கே திரும்ப வரும்.

அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். அப்படின்னா விசாவுக்கான பணம் ஜூன், ஜூலையிலேயே கையில் இருக்கணும். பழவேற்காட்டில் அது எந்த நேரம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அப்போதான் முடிந்திருக்கும். நாட்டுப் படகுகளுக்குத் தடை இல்லை என்றாலும், ஏரியில் தண்ணீர் வற்றி, முகத்துவாரம் மண் மூடும் கோடையும் அதே மாதங்கள்தான். வீட்டில் வரவு குறைவான நேரத்தில்தான் பெரிய தொகை கேட்பார்கள்.

அந்த நேரத்தில் இறால் வியாபாரியிடம் முன்பணம், வட்டிக்காரரிடம் கடன் என்று போனால், பிள்ளை திரும்பி வந்த பிறகும் அப்பா அந்தக் கடனுக்காகவே வலை போட வேண்டியிருக்கும். அதனால்:

- முந்தைய ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பே செலவுக் கணக்கை வீட்டில் சொல்லிடுங்க. ஏரியில் இறால் வரும் மாதங்களிலேயே சேர்க்கத் தொடங்கலாம்.
- கல்விக் கடனுக்கு வங்கியை முதலில் அணுகுங்க. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் தேவையில்லை. ஒரு செமஸ்டருக்குக் கடன் கிடைக்குமா என்று கிளை மேலாளரிடம் கல்லூரிக் கடிதத்தோடு போய்க் கேளுங்க.
- 'ஷோ மணி' என்று கொஞ்ச நாளுக்குப் பணம் காட்டித் தரும் ஏஜென்ட் பக்கமே போகாதீங்க. விசா ரத்தானால் அதன் பாதிப்பு அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் தொடரும்.
- பாஸ்போர்ட்டை இப்பவே எடுத்து வச்சுக்கோங்க. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். கடைசி நேரத்தில் தட்கலில் போனால் கூடுதலாக 2,000 ரூபாய்.

"போய் பார்ட் டைம் வேலை செஞ்சு சமாளிச்சுக்கலாம்" என்ற கணக்கும் வேண்டாம். ஜெர்மனியில் மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். ஜப்பானில் அனுமதி வாங்கினால் வாரம் 28 மணி நேரம். ஆனால் வந்த உடனே வேலை கிடைக்காது. இங்கிலாந்துக்கு 6 மாதத்துக்குள் விசிட்டர் விசாவில் படிக்கப் போனால், வேலை பார்க்கவே அனுமதி கிடையாது.

கிரெடிட்: வாய் வார்த்தையை நம்பாதீங்க

ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 இசிடிஎஸ் கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். நம்ம ஊர் கிரெடிட் கணக்கு வேற.

அங்கே எடுக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை 'லேர்னிங் அக்ரிமென்ட்' என்ற ஒப்பந்தத்தில் எழுதி, மாணவர், இந்தக் கல்லூரி, அந்தக் கல்லூரி என மூன்று தரப்பும் கையெழுத்து போடணும். "வந்தப்புறம் பாத்துக்கலாம்பா" என்று துறையில் சொன்னால், பணிவாகவே எழுத்தில் கேளுங்க. இல்லைன்னா நல்ல மார்க்கோடு திரும்பி வந்தும், இங்கே அரியர் எழுதும் நிலை வரலாம்.

காலண்டரையும் பாருங்க. இங்கே அடுத்த செமஸ்டர் டிசம்பர், ஜனவரியில் தொடங்கிவிடும். ஜெர்மனியில் குளிர்கால வகுப்புகள் பிப்ரவரி வரை போகும், தேர்வு அதற்குப் பிறகும் இருக்கலாம். நெதர்லாந்தில் பல பல்கலைக்கழகங்களில் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி இறுதியில் முடிந்துவிடும். விட்டுப்போகும் வாரங்களுக்கு வருகைப்பதிவில் என்ன செய்வார்கள் என்பதையும் முன்பே கேட்டு வைக்கணும்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை பற்றி வீட்டில் கேட்டிருப்பீங்க. எந்த நாள், எந்த இடத்தில் யார் வலை போடணும் என்பது முறை வைத்து முடிவாகும். முறை தவறி யாரும் வலை இறக்க முடியாது. வெளிநாட்டு அலுவலகங்களும் கிட்டத்தட்ட அப்படித்தான். நேரில் போய் நின்றால் வேலை நடக்காது. ஆன்லைனில் முன்பதிவு எடுத்து, உங்க முறை வரும் நேரத்தில் போகணும்.

முகவரிப் பதிவுதான் முதல் வேலை.

- ஜெர்மனி: வீடு புகுந்த 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிவு. வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக் கடிதம் கட்டாயம்.
- நெதர்லாந்து: 4 மாதத்துக்கு மேல் தங்கினால் நகராட்சியில் 5 நாளுக்குள்.
- ஜப்பான்: தங்குமிடம் முடிவான 14 நாளுக்குள்.
- தென் கொரியா: 90 நாளுக்கு மேல் தங்குவதாக இருந்தால், வந்து 90 நாள் முடிவதற்குள் வெளிநாட்டவர் பதிவு.

ஜெர்மனியில் இந்தப் பதிவு முடிந்தால்தான் மற்ற வேலைகள் சுலபமாகும். வங்கிக் கணக்கு திறந்து, முடக்கிய பணம் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். வாடகை முன்பணமோ சட்டப்படி 3 மாத வாடகை வரை கேட்கலாம். எனவே முதல் மாதச் செலவும் முன்பணமும் ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கணும். 992 யூரோவைத் தாண்டிய செலவு இது. பலர் கணக்கில் விடுபடுவதும் இதுதான்.

நெதர்லாந்தில் வீடு கிடைப்பதே பெரும் பாடு. தங்குமிடம் உறுதியாகாமல் கிளம்ப வேண்டாம் என்று அங்குள்ள பல்கலைக்கழகங்களே வெளிநாட்டு மாணவர்களை எச்சரிக்கின்றன. நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களில் மோசடி அதிகம். பல்கலைக்கழக விடுதிக்கு விண்ணப்பம் திறக்கும் முதல் நாளே போட்டுடுங்க.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு போய் இறங்கினால் ரொட்டி, தண்ணீர் கையோடு எடுத்துக்கோங்க. வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணம் கேட்டுக் கடிதம் வரும். அது மோசடிக் கடிதம் இல்லை. அறை நண்பர்களோடு பிரித்துக் கட்டலாம். அவசரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 112.

கருவாடு கொண்டு போகலாமா?

போகலாம்! ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை மீன் பொருட்கள் கொண்டு செல்லலாம். உலர்ந்த மீனும் அதில் அடக்கம். குடல் நீக்கிச் சுத்தம் செய்ததாக இருக்கணும்.

ஆனால் பால்கோவா, நெய், கறி ஊறுகாய் கூடாது. இறைச்சி, பால் பொருட்களுக்குத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. தாவரச் சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் பச்சைத் தாவரங்களை உள்ளே விடமாட்டார்கள்.

கருவாட்டை இரண்டு மூன்று உறை போட்டு இறுக்கிக் கட்டுங்க. பொதுச் சமையலறையில் வறுக்கும் முன் கூட இருப்பவர்களிடம் சொல்லிடுங்க. ஜன்னலைத் திறந்து வையுங்க. புகை எச்சரிக்கை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால், பில் உங்க பெயருக்கு வரலாம்.

மீன் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அங்கே முள்ளில்லாத, உறைந்த துண்டு மீனைப் பார்த்ததும் ஏமாற்றமாக இருக்கும். தலையோடு முழு மீன் வேண்டும் என்றால் ஈழத்தமிழர் கடைகளைத் தேடுங்க. ஜெர்மனியின் ஹம், டோர்ட்மண்ட், பாரிஸின் லா ஷப்பல், நார்வேயின் ஓஸ்லோ போன்ற இடங்களில் முருங்கைக்காய் முதல் மீன் வரை கிடைக்கும். சாப்பாட்டோடு, தமிழில் நாலு வார்த்தை பேசவும் அங்கே ஆள் இருக்கும்.

வகுப்பில் எப்படி?

நெதர்லாந்தில் பேராசிரியரைப் பெயர் சொல்லியே கூப்பிடுவார்கள். முதலில் நாக்கு வராது. மின்னஞ்சலில் மரியாதையாகத் தொடங்கி, அவர் எப்படிக் கையெழுத்திடுகிறாரோ அப்படியே பின்பற்றினால் போதும்.

ஜெர்மனியில் பல விரிவுரைகளுக்கு வருகைப்பதிவு இல்லை. ஆனால் தேர்வுக்குத் தனியாகப் பதிவு செய்யணும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருந்தாலும் தேர்வு எழுத முடியாது. முதல் வாரமே தேதியை போனில் அலாரமாகப் போட்டுடுங்க.

கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். "மீனவக் குப்பத்துல இருந்து வந்தவன், எனக்கு என்ன தெரியும்" என்ற எண்ணம் வரும். யோசிச்சுப் பாருங்க. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியில் வளர்ந்தவர் நீங்க. மீனவப் பஞ்சாயத்துகள் சோழமண்டலக் கடற்கரையில் மீன்பிடியை எப்படி ஒழுங்குபடுத்துகின்றன என்று ஆராய்ந்து 2001-ல் புத்தகம் எழுதியவர் மார்ட்டன் பாவிங்க். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். உங்க ஊர் பெரியவங்க கூடிப் பேசி எடுக்கும் முடிவு அங்கே பாடம்.

ஒரு சின்ன வீட்டுப்பாடம். கிளம்பும் முன் நோட்டுப் புத்தகத்தில் மீன் பெயர்களை எழுதிக்கோங்க. மடவை என்றால் முஜில் செபாலஸ். பச்சை நண்டு என்றால் சில்லா செராட்டா. தமிழ்ப் பெயரும் அறிவியல் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வகுப்பில் முதலில் கையைத் தூக்குவது நீங்களாகவும் இருக்கலாம்.

மனசு கனமா இருந்தா?

'கல்ச்சர் ஷாக்' என்ற சொல்லைப் பிரபலப்படுத்தியவர் மானுடவியலாளர் கலர்வோ ஓபர்க். 1954-ல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் அவர் பேசிய உரையில் இருந்து அது பரவியது. முதலில் உற்சாகம், பிறகு சரிவு, அப்புறம் மெல்ல மீள்வது என்ற வரிசையைத்தான் பலரும் சொல்வார்கள். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. நியூசிலாந்தில் படித்த ஜப்பானிய மாணவர்கள் பற்றி 1998-ல் வெளியான ஆய்வில், வந்து இறங்கிய தொடக்க நாட்களே அவர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது தெரிந்தது.

அதாவது, முதல் வாரமே அழுகை வந்தால் உங்ககிட்ட ஏதோ குறை என்று அர்த்தம் இல்லை. டிசம்பரில் பெர்லினில் மாலை 4 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வெயிலில் வளர்ந்த உடம்பு திணறத்தான் செய்யும். பகலில் கொஞ்ச நேரம் வெளியே நடங்க. சாப்பாடு, தூக்கம், படிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் பாதித்தால் பல்கலைக்கழக ஆலோசகரைப் பாருங்க. பல இடங்களில் மாணவர்களுக்கு அது இலவசம்.

வீட்டோட எப்படிப் பேசுறது?

அம்மா கவலைப்படுவாங்கன்னு கஷ்டத்தை மறைப்பது பிள்ளைகளின் வழக்கம். பிள்ளை பயந்துடும்னு படகு பழுதானதை மறைப்பது அப்பாவின் வழக்கம். இரண்டு பக்கமும் மறைத்தால், உதவி தேவைப்படும் நாளில் யாருக்கும் எதுவும் தெரியாது. வாரத்தில் ஒரு நாள், வீட்டில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒரு நீண்ட அழைப்பு வையுங்க. பணக் கணக்கையும் உடம்பு நிலையையும் அதில் உள்ளபடி சொல்லணும் என்று கிளம்பும் முன்பே பேசி வச்சுக்கோங்க.

அக்டோபர் கடைசி ஞாயிறு ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். ஜெர்மனிக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும். இதையும் வீட்டில் சொல்லி வையுங்க.

இன்னொன்று, புயல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. அப்படி ஒரு நாளில் கரண்ட் போய், டவர் போய், வீட்டு எண் கிடைக்காவிட்டால், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு அந்த இரவு நகரவே நகராது. பொன்னேரியிலோ சென்னையிலோ இருக்கும் ஒரு உறவினரின் எண்ணை 'புயல் நேர எண்' என்று முடிவு பண்ணிடுங்க. வீட்டில் இருப்பவர்கள் முடிந்தவுடன் அவருக்குத் தகவல் சொல்லணும். பிள்ளை அவரிடம் கேட்டுக்கொள்ளும்.

போன இடத்தில் பிரச்னை என்றால் இந்தியத் தூதரகம் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் கிளம்பும் முன் பெயர் பதிவு செய்யுங்க. தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் உதவி கேட்கலாம்.

சுருக்கமா ஒரு செக் லிஸ்ட்

- மூன்று தரப்பு கையெழுத்தோடு லேர்னிங் அக்ரிமென்ட்: ஒரு நகல் வீட்டில், ஒன்று மெயிலில்
- தங்குமிட உறுதிக் கடிதம்
- முதல் மாதச் செலவு, வாடகை முன்பணம் தனியாக
- மருத்துவக் காப்பீடு
- பாஸ்போர்ட், விசா, சான்றிதழ்களின் ஸ்கேன் பிரதிகள்
- புயல் நேர எண்
- திரும்பும் முன் மதிப்பெண் பட்டியல் எப்போது வரும், யார் அனுப்புவார்கள் என்ற விவரம்

அடுத்த ஆண்டு போகணும்னு நினைக்கிற தம்பி, தங்கச்சிகள் இந்த வாரமே செய்யக்கூடிய ஒரு வேலை: உங்க கல்லூரியின் சர்வதேசத் தொடர்பு அலுவலகத்துக்குப் போய், எந்தெந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது என்ற பட்டியலைக் கேளுங்க. அப்படி அலுவலகமே இல்லை என்றால் துறைத்தலைவரிடமோ முதல்வரிடமோ கேளுங்க. கேட்கிறதுக்குக் காசு இல்லை.